நீதித்துறைத் தொழிற்கல்வியும் மலையக மாணவரும்

கோவலனின் கொலைக்குப் பாண்டியன் ஒருவனையே பொறுப்பாளியாக்குதல் வழக்கம். ஆயினும், சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையை ஊன்றி நோக்குவார்க்கு வேறோர் உண்மையும் புலனாகும். அரசன் ஆராயாது ஆணையிட்டான் என்பது மெய்யே. அவ்வாணையை நிறைவேற்றச் சென்ற காவலர், கோவலனின் தோற்றத்தைக் கண்டதும் இவன் கள்வன் அல்லன் என ஐயுற்றனர். அவ்வையத்தைத் தீர்த்துக்கொள்ளும் முறை அவர்களிடம் இல்லை. பொற்கொல்லன் கள்வர் திறம்பற்றி விரித்துரைத்த சொற்சாலத்தில் அவர்கள் மயங்கி நின்றபொழுது, அவர்களுள் ஒருவன் வாளை வீசினான். அவனைக் கல்லாதவன் என்றே இளங்கோவடிகள் குறிக்கின்றார். நீதி பிழைத்தது அரியணையில் மாத்திரமன்று. தெருவில் நின்ற காவலனின் பயிற்சியின்மையாலும் பிழைத்தது என்க.

குற்றவியல் நீதி என்பது நீதிபதி ஒருவரின் தீர்ப்பு மட்டுமன்று. முறைப்பாட்டை எழுதும் பொலிஸ் உத்தியோகத்தர், சான்றினைச் சோதிக்கும் பகுப்பாய்வாளர், வழக்குரைக்கும் சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளர், பதிவேடு காக்கும் எழுதுவினைஞர், நன்னடத்தை உத்தியோகத்தர், சிறைச்சாலை அலுவலர் ஆகிய பலரின் கைகளினூடாகவே ஒரு வழக்குச் செல்கின்றது. இவற்றுள் எக்கை தவறினும் முடிவு தவறும். ஆகவே, இப்பணிகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் கல்வி, ஏனைய தொழிற்கல்விகளைப் போன்று வருவாய்க்கு வழிகாட்டுவதோடு அமையாது, பிறர் உயிரையும் மானத்தையும் காக்கும் பொறுப்பையும் உடையதாகின்றது.

முற்காலத்தில் இக்கல்வி நீதிமன்றத்தினுள்ளேயே பெறப்பட்டது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்கள் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் பதிவேட்டுக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிய பின்னரே முன்சீப் பதவியை அடைந்தார். ஆங்கிலத்திலிருந்த உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழிற் சுருக்கி, 1862ஆம் ஆண்டில் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலாக வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாசிரியராக அவரைப் போற்றுவோர், சட்டத்தைத் தமிழர்க்குத் தமிழில் அறிவித்த முன்னோடியாகவும் அவரைக் கருதுதல் பொருந்தும்.

இலங்கையில் இத்துறை நிறுவனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருப்பெற்றன. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டமும், 1874இல் தொடங்கிய சட்டக் கல்வியும், இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி 1883இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையும் அவற்றின் அடித்தளங்களாம். கண்டி நகரில் 1876இல் எழுந்த போகம்பரைச் சிறைச்சாலை 2014இல் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். தண்டிப்பதோடு திருத்தவும் வேண்டும் என்னும் கொள்கை 1944ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டத்தினால் வலுப்பெற்றது. குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாது, நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விடுவதற்கு அச்சட்டம் வழிவகுத்தது.

இன்று இத்துறைகளுட் புகும் வாயில்கள் பலவாகும். பொலிஸ் சேவையிற் சேர்வோர் களுத்துறைப் பொலிஸ் கல்லூரி முதலிய நிலையங்களிற் பயிற்சி பெறுகின்றனர். சட்டத்தரணியாக விழைவோர்க்கு இலங்கைச் சட்டக் கல்லூரியும், தொழில் புரிந்தவாறே சட்டம் பயில்வோர்க்குத் திறந்த பல்கலைக்கழகமும் உள்ளன. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் குற்றவியலைப் பட்டப் பாடமாகக் கற்பிக்கின்றது. சமூகப் பணியிற் பட்டம் பெறுவதற்குத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம் உதவுகின்றது. நீதிபதிகளும் கற்றலினின்று விடுபட்டவரல்லர். அவர்களின் தொடர்பயிற்சிக்கென 1985ஆம் ஆண்டின் சட்டத்தினால் நீதிபதிகள் நிறுவனம் அமைக்கப்பட்டது.

இவ்வாயில்கள் மலையக மக்களுக்கு நெடுங்காலம் அடைபட்டிருந்தமை வரலாறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட பெருந்தொகையினர், அரசாங்க சேவையை எண்ணிப் பார்த்தற்கும் இயலாதவராயினர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதும் 1970களிலேயாம். தலைமுறைகள் சில இவ்வாறு கழிந்தமையின், புசல்லாவையைச் சூழ்ந்த தோட்டங்களிற் பிறந்த மாணவர் பலர்க்குப் பொலிஸ் நிலையமும் நீதிமன்றமும் அஞ்சி ஒதுங்கும் இடங்களாகத் தோன்றினவேயன்றி, தாம் பணிபுரியக்கூடிய இடங்களாகத் தோன்றவில்லை.

மொழியின் நிலையையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1961இல் நீதிமன்ற மொழிக்கும் அதனையொட்டிய சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. இன்றுள்ள 24ஆம் உறுப்புரையின்படி மலையக நீதிமன்றங்களின் பதிவுமொழி சிங்களமாயினும், வழக்காளி தமிழில் மனுச் செய்யவும் வழக்கிற் பங்கு கொள்ளவும் உரித்துடையவர். அம்மொழி விளங்காதார்க்கு மொழிபெயர்ப்பினை அரசு வழங்குதல் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் இருமொழி நிர்வாகப் பிரிவுகளும் 1999இற் பிரகடனம் செய்யப்பட்டன. சட்டம் உரிமையைத் தந்தது. அவ்வுரிமையை நடைமுறையாக்குவோர் பயின்ற மனிதரே.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். இரு தொழிலாளரிடையே எழுந்த பூசல்பற்றி ஒருவர் வாக்குமூலம் அளிக்கையில், "அவன் கவ்வாத்துக் கத்தியோடு வந்து என்னை அடித்தான்" என்கின்றார் எனக் கொள்வோம். கவ்வாத்துக் கத்தி தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் அன்றாடக் கருவியாகும். வேலைக்குச் செல்பவன் கையில் அது இருத்தல் இயல்பு. அடித்தது கையினாலா, கத்தியினாலா என்பதை வினவித் தெளியாது, "கத்தியால் தாக்கினான்" என எழுதிவிடின் விளைவு யாது? தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவு சாதாரண காயம் விளைவித்தலையும், 315ஆம் பிரிவு ஆபத்தான ஆயுதத்தினாற் காயம் விளைவித்தலையும் வேறு குற்றங்களாகப் பிரிக்கின்றன. பின்னதற்குத் தண்டனையும் மிகுதி. மொழிபெயர்ப்பில் ஒரு வேற்றுமை உருபு பிறழ்ந்தமையால் ஒருவரின் குடும்பமே அல்லலுறல் கூடும். இதனைத் தடுப்பவர், தோட்டத்துப் பேச்சினையும் சிங்களத்தையும் சட்டச் சொற்களையும் ஒருங்கே அறிந்த உத்தியோகத்தரேயாவர்.

ஆயின், தமிழ் உத்தியோகத்தர் தமிழர்க்குச் சார்பாக நிற்றல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. சொன்னதைச் சொன்னவாறு பதிந்து, அதனைக் கூறியவர்க்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெறுவதே அவர் கடமை. முறைப்பாட்டாளர்க்கும் எதிரிக்கும் ஒருசேரப் பயன்படுவது அந்நேர்மையேயாம்.

பாடசாலை இதன்பொருட்டு யாது செய்தல் கூடும்? முதலாவது, மும்மொழிப் பயிற்சி. சிங்களத்தைப் பரீட்சைப் பாடமாக மட்டும் கொள்ளாது, கேட்டு எழுதவும் எழுதியதை மொழிபெயர்க்கவும் பழக்குதல் வேண்டும். இரண்டாவது, அறிக்கை எழுதும் ஆற்றல். கண்டது, கேட்டது, ஊகித்தது ஆகிய மூன்றையும் பிரித்தெழுதப் பயின்ற மாணவர், சான்றுச் சட்டத்தின் உயிர்நாடியை அறிந்தவராவர். மூன்றாவது, குடியியற் பாடத்தின்வழிச் சட்ட அறிவு. நான்காவது, தொழில் வழிகாட்டல். பொலிஸ் தொழிலுக்கு உடல் வலிமையே போதும் என்றும், சட்டம் செல்வர்க்கே உரியது என்றும் நிலவும் எண்ணங்களை அகற்றி, வர்த்தமானியில் வெளிவரும் விண்ணப்ப அறிவித்தல்களை மாணவர் கண்ணிற் படச் செய்தல் ஆசிரியர் கடன்.

இளமையிலேயே தொழில் நோக்கிக் கற்பித்தல் பொதுக்கல்வியைக் குறுக்கிவிடும் எனச் சிலர் கூறுவர். பரீட்சை வினாக்களை மனனம் செய்விப்பதே தொழிற்கல்வி எனக் கொள்ளின், அக்கூற்றுப் பொருந்தும். ஈண்டுக் கூறப்பட்ட பயிற்சிகளோவெனின், மொழித் தெளிவு, உண்மையை ஆராயும் பொறுமை, பிறர் துன்பத்தை உணர்தல் ஆகியனவாம். இவை பொதுக்கல்விக்குப் புறம்பானவை அல்ல, அதன் பயனேயாகும். நீதித்துறையிற் சேராத மாணவரும் இவற்றால் நல்ல குடிமக்களாவர்.

மதுரைக் காவலர்க்கு ஐயம் தோன்றியது. அவ்வையத்தை வினாவாக்கி உண்மை காணும் கல்வியே வாய்க்கவில்லை. அக்கல்வியை இம்மலைநாட்டு மாணவர் பெறுவாராயின், நாளை லயத்திலிருந்து ஒருவர் முறைப்பாட்டோடு பொலிஸ் நிலையப் படியேறும்பொழுது, அவர் சொல் அவர் சொன்னவாறே ஏட்டில் ஏறும். நீதியின் முதற்படி அதுவேயாம்.