கடனிலிருந்து கரையேறல் – 9: பழைய கடனும் புதிய வாடகை வீடும்

கடந்த வாரம் வங்குறோத்தையும், கடன் கொடுத்தவர்களோடு உடன்பட்டுக் கடனில் ஒரு பகுதியைக் கட்டித் தீர்க்கும் கொன்சியூமர் புறொப்போசலையும் பார்த்தோம். அவற்றை முடித்து மூச்சு விட்டவர்கள் ரொறன்ரோவில் அடுத்து முட்டுப்படுகிற இடம் வாடகை வீடுதான். புதுக் கடனட்டை இல்லாமல் ஒரு குடும்பம் சமாளித்துவிடும். கூரை இல்லாமல் ஒரு நாளும் முடியாது.

எண்பதுகளில் ஸ்காபரோவுக்கு வந்தவர்களுக்கு ஊர்க்காரர் ஒருவரின் வாய்ச்சொல் போதுமாக இருந்தது. “எங்கட பெடியன், வாடகை ஒழுங்காத் தருவான்” என்றால் பேஸ்மென்ட் திறப்பு கைக்கு வரும். இன்று தமிழர் வீடென்றாலும் ஏஜென்ட் மூலம் போனால் வாடகை விண்ணப்பம், வேலைக் கடிதம், சம்பளத் துண்டுகள், ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தின் முழுக் கடன் அறிக்கை என்று வரிசையாகக் கேட்பார்கள். வாடகைக்காரர் பணம் தராவிட்டால் வாடகை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்புச் சபையில் மாதக்கணக்கில் இழுபடும் என்ற பயம் வீட்டுக்காரருக்கு. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பேஸ்மென்ட் வாடகையை நம்பி மோட்கேஜ் கட்டுகிறவர்கள் நம்மிலும் நிறையப் பேர்.

அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது ஸ்கோர். 300 இலிருந்து 900 வரை போகும்; 660க்கு மேலிருந்தால் ஈக்விஃபாக்ஸ் அதை நல்லதென்று வகைப்படுத்துகிறது. ஆனால் கவனமான வீட்டுக்காரர் அடுத்த பக்கங்களையும் புரட்டுவார். கடனட்டைக் கணக்குக்குப் பக்கத்தில் ஆர்9 என்றிருந்தால் அந்தக் கடன் வராக்கடன் ஆகிவிட்டது அல்லது வசூல்காரரிடம் போய்விட்டது என்று பொருள். ஆர்7 என்றால் புறொப்போசல். முதல் தடவை வங்குறோத்து ஆனவரின் பதிவு, விடுவிப்புக் கிடைத்த பின்னும் ஈக்விஃபாக்ஸில் 6 ஆண்டுகள் கிடக்கும். புறொப்போசல் பதிவு கட்டி முடித்து 3 ஆண்டுகளில் அல்லது கையெழுத்திட்டு 6 ஆண்டுகளில், எது முந்துகிறதோ அப்போது நீங்கும்.

ஒழுங்காகக் கட்டிய வாடகையோ பெரும்பாலும் அந்த அறிக்கையில் இருப்பதில்லை. அதற்கென்று ஒரு சேவையில் சேர்ந்து பதிவு செய்தாலொழிய, பத்து வருடம் முதலாம் திகதி தவறாமல் கட்டியிருந்தாலும் அங்கே ஒரு வரியும் வராது. கைவிட்ட செல்போன் பில் வந்துவிடும். ஆக, வீடு கேட்டுப் போகிறவர் தன் பக்கத்துச் சாட்சியைத் தானே கொண்டுபோக வேண்டும். கடந்த ஓரிரு வருட வாடகை வங்கிக் கணக்கிலிருந்து போனதற்கான பதிவுகளும் முந்திய வீட்டுக்காரரின் கடிதமும் கையில் இருக்கட்டும். வாடகையைக் காசாகக் கொடுத்துப் பழகியவர்கள் இந்த மாதத்திலிருந்தே ஈ-ட்ரான்ஸ்ஃபருக்கு மாறுங்கள். குறைந்தது பற்றுச்சீட்டாவது கேட்டு வாங்குங்கள். கேட்டால் இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம்.

விண்ணப்பிக்க முன்னர் ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலும் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இலவசம், நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. நமக்கு இது கூடுதலாக வேண்டும். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிறோம். சகோதரர்கள் ஒரே விலாசத்தில் வருடக்கணக்கில் இருந்திருப்போம். முதலெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். அண்ணனின் கடன் தம்பியின் கோப்பில் ஏற இவ்வளவு போதும். பிழையிருந்தால் முறையிட்டுத் திருத்தலாம், அதற்கும் கட்டணமில்லை. மறந்துபோன பழைய பிணைக் கையெழுத்து ஒன்றும் அங்கே எட்டிப் பார்க்கக்கூடும்.

பிறகு, வீட்டுக்காரர் கண்டுபிடிக்க முன்னர் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: என்ன நடந்தது, எந்த ஆண்டு, எப்படித் தீர்த்தீர்கள், இப்போது வருமானம் என்ன. புறொப்போசல் முடிந்த சான்றிதழை அதோடு இணைத்துக் கொடுங்கள். வேலை போனதால் வந்த கடனென்றால் அதை ஒரு வரியில் எழுதுங்கள். கெஞ்சவோ கதையை நீட்டவோ வேண்டாம். ஒளித்தது பிறகு தெரியவந்தால், கடனைவிட ஒளித்ததுதான் வீட்டுக்காரரின் மனதில் நிற்கும்.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்? ஒன்ராறியோவில் பழைய கடனைக் காரணம் காட்டி மறுப்பது சட்டவிரோதமல்ல. அதை நேராகவே சொல்லிவிட வேண்டும். ஆனால் கனடாவுக்குப் புதிதாக வந்த ஒருவருக்குக் கடன் வரலாறே இல்லையென்றால், அதை அவருக்கு எதிராக எடுக்கக்கூடாது என்கிறது மனித உரிமை ஆணைக்குழு. முற்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க 2006ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. அந்தப் பணமும் கடைசி மாத வாடகைக்குத்தான் போகும். சேதத்துக்கென்று தனி வைப்புப் பணமோ விண்ணப்பக் கட்டணமோ கேட்க முடியாது. “ஸ்கோர் குறைவு, ஆறு மாத வாடகையை முன்கூட்டி வையுங்கள்” என்று வீட்டுக்காரர் வற்புறுத்தினால் அது சட்டத்துக்குப் புறம்பானது. உத்தரவாதக் கையெழுத்துக் கேட்கலாம், அதற்கு அனுமதியுண்டு. அந்தக் கையெழுத்துக்காக உறவினரிடம் போக முன்னர், அவர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதை முழுதாக அவருக்குச் சொல்லுங்கள்.

“ஸ்கோரை ஒரு கிழமையில் ஏற்றித் தருகிறோம்” என்று காசு கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உண்மையான பதிவைக் காசு கொடுத்து யாராலும் அழிக்க முடியாது. போலி வேலைக் கடிதமும் திருத்திய சம்பளத் துண்டும் அதைவிட ஆபத்து. கடனில் விழுவது குற்றமில்லை, போலிப் பத்திரம் கொடுப்பது குற்றம். இரண்டாயிரம் டொலர் வாடகை வீட்டுக்காகப் பொலிஸ் பதிவைச் சம்பாதித்துக்கொள்ளாதீர்கள்.

வீடு மாற யோசிப்பவர்கள் தேடத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே இரண்டு அறிக்கைகளையும் எடுத்துவிடுங்கள். பிழை திருத்த அந்த அவகாசம் வேண்டும். அடுத்த வாரம், மற்றவரின் கார் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைப்பது பற்றி.