உங்களுக்குத் தெரியுமா? தேய்ந்தால் ஒளி கூடும் வெள்ளி

நிலவு முழுவட்டமாகும்போதுதான் அதிகம் ஒளிரும். வெள்ளிக் கோளுக்கு இது தலைகீழ். அதன் முகத்தில் ஏறத்தாழ கால் பங்கு மட்டும் ஒளி பெற்று, பிறையாக நிற்கும்போதுதான் உச்சப் பிரகாசம்.

• காரணம் தூரம். முழுவட்டமாகத் தெரியும் வெள்ளி சூரியனுக்கு அப்பால், சுமார் 26 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. பிறையாக மெலிய மெலியப் பூமியை நெருங்குகிறது. மிக அருகில் வரும்போது இடைவெளி சுமார் 4 கோடி கி.மீ.தான். அப்போது அதன் விட்டம் ஆறு மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். உச்சப் பிரகாசம் அதற்குச் சில வாரங்கள் முன்னும் பின்னும் வருகிறது.

• வெறும் கண்ணுக்குப் பிறை புலப்படுவது அரிது. கூசும் வெள்ளைப் புள்ளிதான். முக்காலியில் அசையாமல் நிறுத்திய 10 மடங்கு பைனாகுலரே வடிவத்தைக் காட்டிவிடும். பெரிய தொலைநோக்கி வாங்கினாலும் தரை தெரியாது: கந்தக அமில மேகம் முழுக்க மூடியிருக்கிறது. சூரிய ஒளியில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பி வெள்ளியை ஒளிரச் செய்வதும் அந்த மேகமே.

• நன்றாக இருட்டியபின் பார்த்தால் கண்கூச்சத்தில் பிறை கரைந்துவிடும். சூரியன் முழுதாக மறைந்தபின் வரும் அந்தி வெளிச்சமே ஏற்றது. விடிவெள்ளிக்கு, சூரிய உதயத்துக்கு முந்தைய வெளிச்சம்.

• 1610-இல் கலிலியோ இந்தப் பிறையைக் கண்டார். முதலில் எழுத்துகளைக் கலைத்தடுக்கிய புதிராகத்தான் செய்தியை அனுப்பினார். வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு, வட்டத்திலிருந்து பிறையாகும் அந்த மாற்றம் கண்கூடான சான்றானது.