காஸி மலையில் நீல வாண்டா

மேகாலயத்தின் தலைநகரமாகிய ஷில்லாங்கைச் சுற்றி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சரிவு சரிவாகப் பரந்து கிடக்கும் பைன் வனப் பிரதேசத்தில் அபூர்வமான ஆர்க்கிட் புஷ்பங்களைத் தேடிப் புறப்படுகிறவர், கண்ணை நிறைக்கும் பைன் மரங்களை விட்டுவிட்டு, அவற்றின் இடையிடையே எஞ்சி நிற்கும் ஓக் முதலிய அகன்ற இலை விருட்சங்களையே நாடிச் செல்ல வேண்டும். மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டுகளில் பல, பாசி படர்ந்து மழைநீரைச் சற்று நேரமேனும் தாங்கும் கிளைகளை விரும்புகின்றன. ஆனால் இக்காஸி மலையின் மகுடமான நீல வாண்டாவோ, வெயிலும் காற்றும் தாராளமாகப் படும் ஓக் மரங்களிலேயே வாசம் செய்கிறது.

இலையுதிர் காலத்தில் அது பூக்கும். பூவில்லாத நாட்களில் அடையாளம் காண, கிளையை ஒட்டி ஓடும் வேர்களைப் பார்க்க வேண்டும்: உலர்ந்திருக்கையில் சாம்பல் கலந்த வெண்மையாகவும், ஒரு மழை பெய்ததும் பசுமையாகவும் மாறும் பருத்த வேர்கள் அவை. இரு வரிசையாக அடுக்கிய வார் போன்ற இலைகளின் நுனி, யாரோ கடித்துவிட்டாற்போல் வெட்டுப்பட்டிருக்கும். இலைக்கக்கத்திலிருந்து எழும் தண்டில் உள்ளங்கை அகலமுள்ள மலர்கள் விரியும். அவற்றின் வெளிறிய நீலத்தின்மேல் கரிய நீல நரம்புகள் சதுரங்கப் பலகைபோல் கட்டமிட்டிருக்கும்.

1837-இல் வில்லியம் கிரிஃபித் இம்மலையில் கண்டெடுத்த இச்செடிக்கு நேர்ந்த கதி துயரமானது. 1850-இல் தாவர சாஸ்திரி ஜோசஃப் ஹூக்கர், லண்டனின் கியூ தோட்டத்திற்கென்று ஏழு ஆள் சுமை செடிகளைச் சேகரித்தனுப்ப, அவற்றில் சிலவே உயிரோடு கரை சேர்ந்தன. வேறொருவர் அனுப்பிய ஒற்றைச் சுமை, நலிந்த நிலையில் போய்ச் சேர்ந்தும் 300 பவுனுக்கு விலைபோயிற்று. விலை அறிந்த பின் மலைக்கு அமைதி ஏது? சேகரிப்போர் கூட்டங்கூட்டமாய் வந்து கிளைகளை வெட்டிச் சாய்த்ததில், புயலடித்து ஓய்ந்தாற்போல் மைல் கணக்கில் பாதையெங்கும் ஒடிந்த கிளைகளும் ஆர்க்கிட்டுகளும் இறைந்து கிடந்ததை ஹூக்கரே கடிதமொன்றில் வருந்தி எழுதியிருக்கிறார். அவர் தம் பிரயாண நூலில் நீல வாண்டா செழித்திருந்த கிராமத்தின் பெயரையும் குறித்து வைத்தார். இன்று அபூர்வ ஆர்க்கிட் ஒன்றைக் காண்பவர் அவ்விடத்தின் பெயரை வெளியிடாதிருப்பதே தர்மம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பறித்த இடத்தில் மறுபடி முளைத்துவிடாதோ என்று கேட்கலாம். ஆர்க்கிட்டின் ஒரு காயிலே விதைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆயினும் தூசியினும் மெல்லிய அவ்விதைக்குள் இளஞ்செடிக்கு வேண்டிய சேமிப்புணவு இல்லை. அதற்கேற்ற பூஞ்சை ஒன்று உட்புகுந்து ஊட்டினாலன்றிக் காட்டில் அது முளையாது. இந்த உறவை 1899-இல் கண்டுணர்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் நோயெல் பெர்னார். ஆகவே பட்டையும் பூஞ்சையும் ஈரமும் வெளிச்சமும் ஒருங்கே பொருந்திய கிளை அழியுமானால், அதில் அடுத்த தலைமுறைக்கும் இடமில்லாமற் போகிறது.

தரையில் வளரும் ஆர்க்கிட்டுகளைக் காண மரம் தேட வேண்டியதில்லை. மழைக்காலத்துப் புல்வெளிச் சரிவுகளில் இளஞ்சிவப்புக் கதிரோடு நிற்கும் சத்தீரியம் நேபாலென்ஸ் நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் வளர்வதே.

ஷில்லாங்கிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவில் மாவ்ஃப்லாங் என்னும் காஸி மக்களின் புனித வனம் இருக்கிறது. உள்ளிருந்து ஓர் இலையையும் வெளியே எடுத்துச் செல்லலாகாது என்பது அங்கு வழிவழியாக வந்த கட்டுப்பாடு. அதனால் மரங்களோடு அவற்றின்மேல் வாழும் ஆர்க்கிட்டுகளும் பிழைத்திருக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நீல வாண்டாவைத் தன் காவலில் வைத்திருக்கிறது. வீட்டில் அந்த நீலத்தை வளர்த்து மகிழ விரும்புவோருக்கு, 1931-இல் பதிவான வாண்டா ராத்ஸ்சில்டியானா முதல் அதன் வழிவந்த கலப்பினங்கள் எத்தனையோ உண்டு. நாற்றங்கால்களில் விலைக்கே கிடைக்கின்றன.