இடியனும் மரையும்

கந்தப்பளையின் மாலைப் பொழுதை அறிந்தவர்கள் அதன் மூடுபனியையும் அறிவார்கள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் லயங்களுக்குத் திரும்பும் வேளையில், தேயிலை மலைகளுக்கு மேலேயுள்ள காட்டிலிருந்து பனி மெல்ல இறங்கி வரும். சீத்தாஎலியாப் பக்கம் வரை பரந்து கிடக்கும் அவ்வொதுக்கு வனம் மரைகளின் இருப்பிடம். தமிழகத்தார் கடமான் என்று கூறும் விலங்கையே நாம் மரை என்கிறோம். அக்காட்டிலிருந்து என்றேனும் ஒரு வெடியோசை எழுமாயின், முதியோர் "இடியன்" என்று ஒரே சொல்லில் கூறி மௌனமாகிவிடுவர். அச்சொல்லைப் பற்றியே இன்று நாம் சிறிது சிந்திப்போம்.

இடியன் துவக்கு என்பது வாய்வழியே மருந்திடும் பழைய துப்பாக்கி. குழலின் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, குண்டையோ சன்னங்களையோ இட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்க வேண்டும். ஒருமுறை சுட்டபின் எல்லாவற்றையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் யானை வேட்டைக்கு ஏந்திச் சென்றவையும் வாய்வழித் துப்பாக்கிகளே. மரை வேட்டைக்கோ அவர் நாய்களையும் கத்தியையுமே பெரிதும் நம்பினார். ஹோட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அச்சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. வேட்டை நாய்கள் ஓடிய அப்புல்வெளியில் இன்று மரைகள் மேயும் காட்சியைப் பார்க்கவே மக்கள் செல்கின்றனர்.

மாணவர்கள் இங்கே ஓர் இரசாயன உண்மையைக் கவனித்தல் நலம். பழைய கருமருந்து எரியும்போது அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாக மாறாமல் திண்மத் துகளாகவே எஞ்சுகிறது. துவக்கிலிருந்து எழும் அடர்ந்த புகை அதுவே. 1884இல் பிரான்சு நாட்டின் போல் வியேய் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டறிந்தார். அஃது ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடுகிறது. ஆகவே புகை குறைவு. ஆயினும் குழலினுள் அஃது எழுப்பக்கூடிய அழுத்தமோ மிக மிக அதிகம்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாய்வழித் துப்பாக்கியால் மான் வேட்டையாடுவதற்கெனத் தனிப் பருவம் உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டி, சாவேஜ் என்ற கம்பனி புகையில்லா மருந்தைத் தாங்கவல்ல வாய்வழித் துப்பாக்கியொன்றைச் செய்து விற்றது. அதற்கென உறுதியான உருக்குக் குழல் அமைத்து, எந்த மருந்து, எவ்வளவு என்பதையும் வரையறுத்துக் கூறியது. உள்ளூரில் ஏதோ ஓர் இரும்புக் குழாயைக் கொண்டு செய்த இடியனுக்கு அத்தகைய வலிமை ஏது? தோட்டாவிலிருந்து கொட்டிய மருந்தை அதிலிட்டால், குழலே வெடித்துச் சுடுபவனின் விரலையும் விழியையும் பறித்துவிடும். மரை காட்டில் நிற்கும். மனிதன் ஆசுபத்திரியில் கிடப்பான்.

இதனினும் கொடியது கட்டுத்துவக்கு. விலங்கு செல்லும் தடத்தின் குறுக்கே கம்பியைக் கட்டி, அதைத் துவக்கின் விசையோடு இணைத்துவிட்டு வேட்டைக்காரன் வீடு திரும்பிவிடுகிறான். வருவது பன்றியா, மரையா, விறகு தேடிச் சென்ற தாயா என்பது அத்துவக்குக்குத் தெரியாது. கம்பிக் கண்ணியும் அவ்வாறே கண்ணற்றது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரியதொரு கருஞ்சிறுத்தை கண்ணியில் சிக்கிப் பின்னர் உயிர் நீத்ததை மலையகம் மறந்திராது.

உருளைக்கிழங்குப் பாத்தியைக் காட்டுப்பன்றி கிளறிப்போட்ட காலையில் ஏழைத் தொழிலாளியின் வயிறு எரிவதை நாம் அறியாதவர்களல்லோம். ஆயினும் ஒரு பாத்திக் கிழங்குக்கு ஒரு காலை விலையாகக் கொடுத்தல் தகுமா? அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். மரையையோ 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காத்து நிற்கிறது.

ஆகையால் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பாட்டன் காலத்து இடியன் பரணில் கிடந்தால், அதைப் பிள்ளைகள் எடுக்க விடாதீர்கள். உள்ளே இடித்த மருந்து ஈரம் படாதிருப்பின் நெடுங்காலத்துக்குப் பின்னும் வெடிக்கக்கூடும். நீங்களும் அதைத் தொடாமல் பொலிசாருக்கு அறிவியுங்கள். காட்டோரத்தில் தடத்தின் குறுக்கே கம்பியோ நூலோ தென்பட்டால், அதைத் தொடாமல் வந்த வழியே திரும்பி, பொலிசாரிடமோ வனஜீவராசிகள் திணைக்களத்தாரிடமோ கூறுங்கள். விறகு பொறுக்கச் செல்லும் பிள்ளைகளுக்கு இதனை இன்றே சொல்லி வையுங்கள்.

நாளை மாலையும் கந்தப்பளையில் பனி இறங்கும். அப்போது காட்டிலிருந்து மரையின் குரல் கேட்கட்டும். இடியனின் ஓசை வேண்டாம். விறகுக்குச் சென்றவர்கள் எல்லோரும் இரு காலால் நடந்து வீடு திரும்பட்டும்.