எட்டாம் தரம் வரை தனியாக: இசைப் பரீட்சைக்குப் பணம் கட்டுமுன்

இசைப் பரீட்சை விண்ணப்பங்களுக்கான முடிவுத் திகதி நெருங்குகிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குழப்பம்தான். இரத்மலானைத் தாய் ஒருவரின் மகள் ஐந்தாம் தரப் பியானோவில் சித்தியடைந்துவிட்டாள், ஆனால் ஆறாம் தரத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்கிறார்களாம். கொட்டாஞ்சேனைத் தகப்பன் ஒருவர், ஜாஸ் படித்தால் தியறியிலிருந்து தப்பலாம் என்று கேள்விப்பட்டு, அது உண்மையா என்று கேட்கிறார். வெள்ளவத்தையிலிருந்து வந்த கடிதம் வேறு மாதிரி: எட்டாம் தரமும் முடித்த மகன் பியானோவைத் திறப்பதே இல்லை, ஏன்?

முதல் இரண்டுக்கும் விதி தெளிவானது. லண்டன் அசோசியேட்டட் போர்ட் (ABRSM) என்ற பரீட்சைச் சபையில் ஆறு, ஏழு, எட்டாம் தரச் செயன்முறைப் பரீட்சைக்குப் போக ஐந்தாம் தர தியறி சித்தி வேண்டும். மற்றச் சபையான ட்ரினிட்டியில் அந்தத் தடை கிடையாது. இந்த இரண்டு சபைகளையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

தியறிக்குப் பதிலாக அசோசியேட்டட் போர்ட் வேறு வழிகளையும் ஏற்கிறது. அவற்றில் ஒன்று ஐந்தாம் தர ஜாஸ் தனிவாத்தியப் பரீட்சை. இந்த மாற்று வழி எனக்கு மிகவும் பிடித்தது. தாளில் சுரங்களை இனங்கண்டு எழுதுவதும், மெட்டை வாசித்துவிட்டு அதே கோட்ஸ் (chords) வரிசையின் மேல் தானாக ஒன்றைக் கட்டி வாசிப்பதும் ஒரே அறிவுக்கான இரு சாட்சிகள் என்று அந்த விதி ஒப்புக்கொள்கிறது. அடுத்த கோட் எது, எந்தச் சுரம் அதில் நிற்கும், எது உறுத்தும் என்று தெரியாத பிள்ளையால் அந்த இடத்தில் வாசிக்க முடியாது. மனோதர்மத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஜாஸ் பரீட்சை எல்லா நாட்டிலும் நடப்பதில்லை. அதை நம்பிப் பாடத்தை மாற்றுமுன் இங்குள்ள பிரதிநிதியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இனி, என்னை உறுத்தும் பகுதி. அசோசியேட்டட் போர்டின் செயன்முறைப் பரீட்சைக்கு மொத்தம் 150 புள்ளிகள். மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, ஸ்கேல்ஸுக்கு 21, பார்த்து வாசித்தலுக்கு 21, செவிப் பயிற்சிக்கு 18. 100 எடுத்தால் சித்தி, 130 எடுத்தால் அதிசிறப்பு. கூட்டிப் பாருங்கள்: இன்னொருவரோடு சேர்ந்து வாசிப்பதற்கென்று தனியாக ஒரு புள்ளியும் ஒதுக்கப்படவில்லை. வயலின் பிள்ளைக்காவது பக்கத்தில் ஒரு பியானோக்காரர் இருப்பார். பியானோப் பிள்ளை எட்டாம் தரம் வரை தனியாகவே போய்விடலாம். ஜாஸிலும் இதே நிலைமைதான். பியானோ மாணவர் தனியே வாசிக்கிறார். சாக்ஸபோன் மாணவர் பதிவு செய்த பின்னணியோடு வாசித்தே சித்தியடையலாம். ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் பதில் வாசிப்பதே ஜாஸின் உயிர். அதைச் சக கலைஞர் ஒருவரோடு ஒரு தடவைகூடச் செய்யாமல் ஜாஸ் சான்றிதழ் கையில் வந்துவிடலாம்.

நமது மிருதங்க அரங்கேற்றத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலோ அன்று மேடையேறும் பிள்ளை, அனுபவமுள்ள பாடகர் ஒருவருக்கு முழுக் கச்சேரியும் வாசித்தாக வேண்டும். பாடகர் எங்கே மூச்செடுப்பார், வயலின் எங்கே பின்தொடரும் என்று கேட்டுக் கேட்டுத்தான் கை நகரும். தனியாவர்த்தனத்தில்கூட மற்றவர்கள் தாளம் போட்டபடி கூட இருக்கிறார்கள். முன்னால் ஊரும் இருக்கிறது. செலவு கண்ணைக் கட்டும், அதை மறைக்கத் தேவையில்லை. பிள்ளைக்குத் திறமை இருந்தும் மண்டபத்துக்கும் பக்கவாத்தியத்துக்கும் பணமில்லாமல் நின்றுபோன குடும்பங்கள் உண்டு. ஆனாலும் அந்த ஏற்பாடு கேட்பவர்களையும் சேர்த்தே உருவாக்குகிறது. பரீட்சை அறையில் கேட்பவர் பரீட்சகர் மட்டுமே.

கொழும்பில் ஜாஸுக்குக் கேட்பவர்களே இருக்கவில்லையா? இருந்தார்கள். 1958இல் டேவ் பிரூபெக் குழுவும் 1963இல் டியூக் எலிங்டன் குழுவும் இலங்கை வந்தன. இரண்டு பயணங்களுக்கும் செலவழித்தது அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம். பனிப்போர் காலத்தில் இசையும் ராஜதந்திரக் கருவிதான். உள்ளூரில் நடனக் குழுக்களைத் தாங்கியவை ஹோட்டல்களும் வானொலியும். அந்தக் குழுக்களில் நிறைந்திருந்த பறங்கியரில் ஏராளமானோர் 1956ஆம் ஆண்டு மொழிச் சட்டத்துக்குப் பின் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். 1983 கலவரத்துக்குப் பின் போன தமிழர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தூதரகம் கொண்டுவந்த இசை தூதரகத்தோடு போயிற்று. ஊர் தாங்கிய இசை எதுவோ அதுதான் மிஞ்சியது. வெள்ளவத்தைப் பிள்ளை ஏன் பியானோவைத் திறப்பதில்லை என்பதற்கு என் பதிலும் இதுதான்: அவன் வாசித்தால் கேட்க ஆளில்லை, கூட வாசிக்கவும் ஆளில்லை.

இதைச் சரிசெய்யத் தூதரகம் தேவையில்லை, மாதத்தில் ஒரு மாலை பிள்ளைகள் கூடி வாசித்தால் போதும். இடத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லை: இரத்மலானையில் இந்துக் கல்லூரி இருக்கிறது, 1912இல் தொடங்கிய செவிப்புலனற்றோர், கண்பார்வையற்றோருக்கான பாடசாலையும் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பாடகர் குழுக்கள் உண்டு. பழைய மாணவர் சங்கங்கள் கிரிக்கெட் போட்டிக்குப் பணம் திரட்டுவதைப் பார்த்திருக்கிறோம்; இசைக்கும் திரட்டலாம். சென்னையின் இசைச் சபாக்கள் ஆண்டுச் சந்தாவும் வாங்குகின்றன. இரவுக் கச்சேரிக்கு டிக்கெட் விற்றுவிட்டு, மதிய நேரத்தைப் பெயர் தெரியாத இளையவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுகின்றன. பல பெரிய வித்துவான்கள் அந்த மதியங்களில் வளர்ந்தவர்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மதியத்தைத்தான்.

தொடங்க ஓர் உருப்படியும் சொல்கிறேன். பிரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ 1959இல் வந்தது, இயற்றியவர் பால் டெஸ்மண்ட். ஐந்து எண்ணிக்கை, மூன்றும் இரண்டுமாகப் பிரிகிறது. கண்டசாபு இரண்டும் மூன்றும். கீபோட் பிள்ளையையும் மிருதங்கப் பிள்ளையையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் அந்த வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடித்துச் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையில் கற்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

மிச்சக் கேள்விகள்:

சான்றிதழுக்குச் ‘சர்வதேச அங்கீகாரம்’ உண்டா? பிரித்தானியப் பல்கலைக்கழக அனுமதியில் ஆறு முதல் எட்டாம் தரம் வரை புள்ளி உண்டு. இங்கே இசட் புள்ளியில் ஒன்றும் கூடாது.

பாடசாலைச் சங்கீதப் பாடத்துக்கு இது ஈடாகுமா? இல்லை, க.பொ.த. சாதாரண தரப் பாடம் வேறு.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையும் எழுதலாமா? தாராளமாக; ஒன்று மற்றதைத் தடுக்காது.

கண்பார்வையற்ற பிள்ளைக்குப் பார்த்து வாசித்தல் எப்படி? அசோசியேட்டட் போர்டில் பிரெய்ல் நினைவுப் பரீட்சை போன்ற மாற்று ஏற்பாடுகள் உண்டு. விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும்.

தியறி சித்தியில்லாமல் இம்முறை ஆறாம் தரத்துக்குப் பணம் கட்டலாமா? அசோசியேட்டட் போர்ட் என்றால், மாற்று வழிச் சித்தியும் கையில் இல்லாமல் கட்டாதீர்கள்.