பெங்களூரில் பி.ஜி. பார்க்கப் போறீங்களா? கட்டிலை அப்புறம் பாருங்க!

படிப்பு முடிந்தது, பெங்களூரில் வேலையும் கிடைத்தாச்சு. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பல வீடுகளில் அடுத்த கேள்வி, "பிள்ளை எங்கே தங்கறது?"

தெரிந்தவர் யாராவது ஒரு பி.ஜி. விலாசம் தருவார். ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா கூடவே போய்ப் பார்ப்பார்கள். கட்டில், மெத்தை, பீரோ, வை-ஃபை, மூன்று வேளைச் சாப்பாடு... "எல்லாம் இருக்கே!" என்று அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள்.

ஆனால், பிள்ளையின் ஆரோக்கியம் இருப்பது காற்று, தண்ணீர், குளியலறை, சமையல்கட்டு ஆகிய நான்கில்தான். இவற்றைப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

ஜன்னல் திறக்குதா?

நீங்களே திறந்து பாருங்கள். பக்கத்துக் கட்டடச் சுவர் முட்டிக்கொண்டு நின்றால் காற்று எப்படி வரும்? காற்றோட்டமில்லாத அறையில் பலர் நெருக்கிப் படுத்தால், சளிக்காய்ச்சல் முதல் காசநோய் வரை சுலபமாகத் தொற்றும். சுவரில் பூஞ்சை படிந்திருந்தால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த அறை வேண்டவே வேண்டாம்.

2024 ஆகஸ்டில் பெங்களூரு மாநகராட்சி பி.ஜி.களுக்கு வெளியிட்ட விதிமுறைப்படி, ஒருவருக்குக் குறைந்தது 70 சதுர அடி இடம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்பது 120 சதுர அடி. இரண்டு பேருக்கே போதாத அந்த இடத்தில் மூன்று கட்டில் போட்டிருந்தால்? யோசியுங்கள்!

தண்ணீர் எங்கிருந்து வருது?

ஃப்ளோரைடு படுத்திய பாட்டைப் பார்த்த மாவட்டம் நம்முடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்ததன் அருமை நமக்குத் தெரியும். அதே அக்கறையோடு அங்கேயும் கேளுங்கள்... காவிரியா, போர்வெல்லா, டேங்கர் லாரியா? தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? ஃபில்டரை எப்போது மாற்றினார்கள்? கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது.

அதே விதிமுறை ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தரச் சொல்கிறது. அதாவது 15 லிட்டர் பக்கெட்டில் ஒன்பது.

குளியலறையில் கேஸ் கீஸரா?

இதுதான் உயிர் விஷயம். மூடிய குளியலறைக்குள் கேஸ் கீஸர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். இதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, தலைசுற்றல் வரும். சுதாரிப்பதற்குள் மயக்கம் வந்து உயிரே போகலாம். கீஸரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால், வாடகை எவ்வளவு குறைவானாலும் அந்த இடம் வேண்டாம்.

சமையல்கட்டைக் காட்டுவாங்களா?

சாப்பாட்டு வேளையில் போங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா, பாத்திரங்கள் மூடியிருக்கின்றனவா, சமைப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாரா என்று பாருங்கள். "உள்ளே வரக் கூடாது" என்றால் சந்தேகப்படுங்கள்!

அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள்: "சமீபத்துல இங்க யாருக்காவது டைபாய்டு, மஞ்சள் காமாலை வந்துச்சாப்பா?" ஓனர் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

கடைசியாகக் கட்டிலுக்கு வரலாம். மெத்தையின் தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் அடையாளம். படுக்கை விரிப்பும் துண்டும் வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புங்கள். துண்டையும் துணியையும் பகிர்ந்துகொண்டால் சொறி சிரங்கு பரவும்.

பக்கத்திலேயே ஓசூரில் வேலையா? தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரின் உரிமம் அவசியம். கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இத்தனையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்! சேர்த்த பிறகு போனில் "சாப்பிட்டியா?" என்பதோடு, "இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா?" என்றும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் உடனே சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இது இலவசம்.