பேரேட்டில் விழாத காத்திருப்பு

ஆம்பூர் ஷூ கம்பெனி வரிசையை எண்ணிப் பாருங்கள்: கைக்குத் துண்டு வந்தால் வேலை, வராவிட்டால் காத்திருப்பு. கணினியியலில் இது தரவோட்டம். அடுத்து எந்தத் தட்டிலிருந்து எடுப்பது என்பது முன்பே தீர்மானமாகியிருந்தால், யார் எவ்வளவு மெதுவானாலும் விளைவு மாறாது என்று 1974இல் ஜில் கான் நிறுவினார். வரவையும் விளைவையும் இணைக்கும் சார்பே ஒரு டேபிளின் 'அர்த்தம்'.

சரி, எந்தத் தட்டு முந்துதோ அதிலிருந்து எடு என்றால்? நிர்ணயமின்மை நுழைகிறது, ஒரே வரவுக்குப் பல விளைவுகள். அத்தனையையும் பட்டியலிட்டால் போதாதா? போதாது என்று 1981இல் பிராக்கும் அக்கர்மனும் காட்டினார்கள்.

ஒவ்வொரு தட்டிலும் ஒரே மாதிரித் துண்டு இரண்டிரண்டாக விழுகிறது. டேபிள் இரண்டு துண்டு மட்டுமே வெளியே தள்ளும். ஒரு டேபிள் முதல் துண்டை உடனே தள்ளுகிறது. இன்னொன்று இரண்டு சேரும்வரை வைத்திருக்கிறது. இரண்டின் பேரேடும் ஒன்றே. தள்ளிய துண்டு இன்னொரு தையலோடு மற்றத் தட்டுக்கே திரும்பும்படி சுற்றிவிடுங்கள்: முதல் டேபிளில் அது இரண்டாவது துண்டாகப் புகுந்துவிடலாம், மற்றதில் முடியவே முடியாது. ஆகவே எது எதற்காகக் காத்திருந்தது என்பதையும் அர்த்தத்துக்குள் சேர்த்தார்கள்.

பாலாற்றங்கரை வரலாற்றை 'இத்தனை தோல் உள்ளே, இத்தனை சோடி வெளியே' என்று எழுதுகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். கணக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு கம்பெனிகள் வேலைநிறுத்தத்தின்போது வேறுவேறாக நடந்துகொள்ளலாம். ஏன் என்று பேரேடு சொல்லாது.